சுறாப் புட்டும் பாதரசமும்: பிள்ளை பெற்ற வீட்டில் எந்த மீன்?

நெய்தல்_சென்னை · சனி, இரவு 9:40

வணக்கம். என் தங்கைக்கு இது எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து போன வாரம்தான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாள் குறைவு. காசிமேட்டில் வழக்கமாக மீன் வாங்கும் அக்காவிடம் அம்மா இப்போதே சொல்லி வைத்துவிட்டார்: குழந்தை பிறந்த பத்தாம் நாளிலிருந்து வாரம் மூன்று தடவை பால்சுறா வேண்டும் என்று. பால் ஊறச் சுறாப் புட்டுதான், அதில் எங்கள் வீட்டில் இரண்டாவது பேச்சே கிடையாது. எங்கள் மூன்று பேருக்கும் அம்மா அதைச் சாப்பிட்டுத்தான் பால் கொடுத்தார்.

நேற்று ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஒரு மருத்துவர், "கடல் மீன் எதுவுமே வேண்டாம், பாதரசம் இருக்கிறது, குழந்தையின் மூளைக்கு ஆகாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தங்கை அன்று இரவு தட்டில் இருந்த நெத்திலியைக்கூட ஒதுக்கிவிட்டாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காலையில் என்னிடம் மட்டும், "அப்படின்னா நான் உங்களுக்கு விஷத்தையா கொடுத்தேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழவேற்காடு_72 · சனி, இரவு 10:15

அக்கா, பயப்படாதீர்கள். எங்கள் பாட்டி ஒன்பது பிள்ளை பெற்றவர். ஒன்பதுக்கும் சுறா, திருக்கை, நண்டு எல்லாம் சாப்பிட்டார். ஒன்பது பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பாதரசம் என்பதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் மீனுக்கு. நம் கடலில் அதெல்லாம் கிடையாது. அம்மா சொல்வதைக் கேளுங்கள்.

உப்பளம் · ஞாயிறு, காலை 7:05

தூத்துக்குடிப் பக்கம் ஏற்றுமதி மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் பதினொரு ஆண்டாக இருக்கிறேன். மீனில் பாதரசம் அளப்பது என் அன்றாட வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழவேற்காடு அண்ணனுக்கு. பாதரசம் எல்லாக் கடலிலும் இருக்கிறது. நிலக்கரி எரிக்கும்போதும், சிறு தங்கச் சுரங்கங்களில் பொன்னைப் பிரித்தெடுக்கும்போதும் அது ஆவியாகிக் காற்றில் போகிறது. மாதக்கணக்கில் சுற்றி, மழையோடு எந்தக் கடலிலும் இறங்கும். அதற்கு எல்லைக் கோடு கிடையாது. கடலுக்குள் போனதும் சில வகைப் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அந்த வடிவம்தான் சிக்கல். உயிர்களின் உடம்பில் அது எளிதாக ஏறும், மெதுவாகத்தான் இறங்கும்.

மிதவை நுண்ணுயிரில் ஒரு துளி. அதைத் தின்னும் நெத்திலியில் கொஞ்சம் கூடுதல். நெத்திலியைத் தின்னும் சூரையில் அதைவிடக் கூடுதல். சூரையைப் பிடித்துத் தின்னும் சுறாவில் இன்னும் எத்தனையோ மடங்கு. அதோடு வயதும் சேரும். நெத்திலிக்கு ஆயுள் ஓரிரு வருஷம். பெரிய சுறா இருபது முப்பது வருஷம் தின்றுகொண்டே இருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2003இல் ஓர் அளவு சொன்னது: உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். வயிற்றில் இருக்கும் பிள்ளையை மனதில் வைத்துத்தான் அந்த அளவைக் குறைத்தே வைத்தார்கள். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது வாரம் 96 மைக்ரோகிராம்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அங்குள்ள சந்தை மீன்களைப் பல ஆண்டுகள் சோதித்துச் சராசரி வெளியிட்டிருக்கிறது. சுறாவில் கிலோவுக்கு 0.979 மில்லிகிராம். வாள்மீனில் 0.995. பெருங்கண் சூரையில் 0.689. மஞ்சள் துடுப்புச் சூரை, அதாவது கேரை, 0.354. நெத்திலி 0.016. மத்தி 0.013.

சுறாவில் நூறு கிராம் சாப்பிட்டாலே அந்தப் பெண்ணின் ஒரு வார அளவு தீர்ந்துவிடும். அதே அளவை மத்தியில் எட்ட வேண்டுமானால் வாரம் ஏழு கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். யாராலும் முடியாது.

இவை அமெரிக்கச் சந்தை எண்கள். நம் கடலில் எண் முன்பின் இருக்கும். ஆனால் எது மேலே, எது கீழே என்ற வரிசை மாறாது, அதை என் மேசையிலேயே பார்க்கிறேன். ஆகவே அந்த மருத்துவர் பாதரசத்தைப் பற்றிச் சொன்னது சரி. "கடல் மீன் எதுவுமே வேண்டாம்" என்றது தவறு. உங்கள் தங்கை ஒதுக்கிய நெத்திலியை இன்றைக்கே தட்டில் திரும்ப வையுங்கள்.

நெய்தல்_சென்னை · ஞாயிறு, காலை 8:20

ரொம்ப நன்றி அண்ணா. தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவும் கேட்டார். அவருக்கு ஒரு கேள்வி. புட்டுக்குச் சுறாவை முதலில் மஞ்சள் போட்டு வேக வைக்கிறோம். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறோம். தோலை உரித்து, மணல் போல இருப்பதையெல்லாம் கழுவி, சதையைக் கையால் பிழிந்து உதிர்த்த பிறகுதான் வெங்காயம், பூண்டில் போட்டுப் பிரட்டுகிறோம். பிழியும்போதே அந்த வாடையெல்லாம் போய்விடும். பாதரசமும் அதோடு போகாதா?

உப்பளம் · ஞாயிறு, காலை 8:55

போகாது, சகோதரி. வாடை போவதற்குக் காரணம் வேறு. சுறா உடம்பில் யூரியா நிறைய உண்டு. மீன் செத்ததும் அது அமோனியாவாக மாறும். அது தண்ணீரில் கரையும், பிழிந்தால் போய்விடும். மெத்தில் பாதரசம் சதையின் புரதத்தோடு பிணைந்து கிடக்கிறது. வேக வைத்தாலும், பொரித்தாலும், புளியில் ஊற வைத்தாலும், மஞ்சள் போட்டாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். கொழுப்பில் இருந்தாலாவது கொழுப்பை நீக்கிச் சமைக்கலாம். இது சதையிலேயே இருப்பதால் வெட்டி எறியவும் வழியில்லை.

இன்னொன்று. பிழிந்து தண்ணீர் போன பிறகு மீதிச் சதையில் கிராமுக்கு இவ்வளவு என்று பார்த்தால் பாதரசம் கூடத்தான் செய்யும். சுறாக் கருவாட்டுக்கும் இதே கணக்குதான்.

நாங்கள் அளக்கும் விதத்தைச் சொன்னால் அம்மாவுக்குப் புரியும். ஒரு சிட்டிகைச் சதையைச் சின்னப் படகு போன்ற தட்டில் வைத்துக் கருவிக்குள் தள்ளுவோம். அது முழுவதும் எரிந்து சாம்பலாகும். வரும் புகையைத் தங்கம் பூசிய ஒரு பொறி வழியாக விடும். பாதரசம் மட்டும் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் வெளியே போகும். பிறகு தங்கத்தைச் சூடாக்கினால் பாதரசம் விடுபட்டு வரும். ஒளியைக் கொண்டு அதை அளப்போம். மீனை எரித்துச் சாம்பலாக்கினால்தான் அதைப் பிரிக்கவே முடிகிறது. அடுப்பில் அரை மணி நேரம் கொதித்ததற்கு அது அசையாது.

டொராண்டோ_மாமி · ஞாயிறு, இரவு 8:10

தங்கச்சி, உங்கட அம்மா கேட்ட கேள்வியை என்ர அம்மாவும் கேட்டவா. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே முப்பது வருஷம். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் ஊரில் சுறா வறைதான். தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டு, மஞ்சள் நிறத்தில், பார்த்தாலே பசிக்கும். என்ர மூத்தவள் பிறந்தபோது அம்மா இங்கே வந்து நின்று, தமிழ்க்கடையில் உறைந்த சுறாத் துண்டு வாங்கி ஒரு மாதம் வறை செய்து தந்தவா. இரண்டாவது பிள்ளைக்கு வீட்டுக்கு வந்த தாதிதான் கேட்டா, என்ன மீன் சாப்பிடுகிறீர்கள் என்று. சுறா என்றதும் அவ முகம் மாறிவிட்டது.

கனடா அரசு சொல்வது இதுதான். சுறா, வாள்மீன், மார்லின், புதிய அல்லது உறைந்த சூரை இவற்றைச் சாதாரண ஆட்கள் எல்லாம் சேர்த்து வாரம் 150 கிராம் சாப்பிடலாம். கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க இருப்பவர்களும், பால் கொடுப்பவர்களும் மாதம் 150 கிராம்தான். ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு மாதம் 75 கிராம். மாதத்துக்கு என்றதைக் கவனியுங்கள். அம்மா ஒரு நாளில் போட்டதே அவ்வளவு இருக்கும்.

இங்கிலாந்தில் கர்ப்பிணிகள் சுறாவைத் தொடவே வேண்டாம் என்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அந்த இரண்டு வாரமும் வேறு மீன் கூடாது என்கிறார்கள். அளவு நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் சுறாவின் பெயர் இல்லாத பட்டியலை நான் காணவில்லை.

அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் தானாகவே, "அப்ப காரல் வாங்கு, சொதி வைப்பம்" என்றா. பிள்ளைத்தாச்சிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் காரல் சொதி எங்கள் ஊரில் எப்பவும் இருந்ததுதான். சுறா அளவுக்குப் பெருமை இல்லை, அவ்வளவுதான்.

வள்ளவிளை_கடலோடி · ஞாயிறு, இரவு 10:30

நான் கன்னியாகுமரி மாவட்டம். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் சுறாவுக்குப் போவதில் பேர் பெற்றவர்கள் என்று கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவும் சித்தப்பாவும் ஆயிரங்கால் தூண்டில் போட்டே எங்களை வளர்த்தார்கள். ஒரு தடவை இறங்கினால் முப்பது நாள், நாற்பது நாள். லட்சத்தீவு தாண்டிப் போவோம்.

உப்பளம் அண்ணன் சொன்னதில் தவறில்லை. ஆனால் "சுறா" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போடக்கூடாது. பால்சுறா என்பது கரைக்குப் பக்கத்தில் கிடைக்கும் சின்ன மீன். கை நீளம், மிஞ்சினால் ஒரு மீட்டர். நாங்கள் ஆழத்தில் பிடிப்பது புலிச்சுறா, கொம்பன் மாதிரி ஆள் உயரத்துக்கும் மேலே. பழைய ஆட்கள் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்தது அந்தக் கரைப் பால்சுறாவை. அதுவும் கிடைத்த நாளில்தான். ஐஸ் பெட்டி வந்த பிறகுதான் வருஷம் முழுக்கச் சுறா, எந்த ஊரிலும் சுறா என்று ஆயிற்று. இன்றைக்கு நகரத்துக் கடையில் துண்டு போட்டு விற்பது பெரும்பாலும் நாங்கள் கொண்டுவரும் பெரிய மீன். கடைக்காரர் அதையும் பால்சுறா என்றுதான் சொல்வார், அந்தப் பேருக்குத்தான் விலை.

துண்டில் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். நடுவில் வெள்ளையாக வட்டமாக முதுகுத்தண்டு தெரியும். அது சுண்டுவிரல் நகம் அளவு இருந்தால் சின்ன மீன். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தால் ஆளை விழுங்கும் மீன். அதைப் பிள்ளைத்தாய்ச்சிக்கு வாங்காதீர்கள். தோல் உரித்து, முள் எடுத்து விற்றால் எதுவும் தெரியாது. அதை வாங்கவே வேண்டாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இப்படிப் பேச்சு கிளம்பினால் முதல் அடி எங்களுக்குத்தான். 2004 சுனாமிக்குப் பிறகு மீன் பிணத்தைத் தின்றிருக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டு, ஊரே மீன் வாங்காமல் நின்றது. படகும் வலையும் போன கையோடு, கிடைத்த நாலு மீனும் விற்கவில்லை. கூடை சுமந்து விற்கும் எங்கள் பெண்கள் திரும்பக் கொண்டுவந்த மீனைக் குழி தோண்டிப் புதைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதனால் "மீன் ஆபத்து" என்று எழுதாதீர்கள். எந்த மீன், எத்தனை பெரியது, யாருக்கு ஆகாது என்று எழுதுங்கள்.

உப்பளம் · ஞாயிறு, இரவு 11:10

வள்ளவிளை அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஒரே இனத்திலும் சின்னதற்கும் பெரியதற்கும் பல மடங்கு வித்தியாசம் வரும். சின்னப் பால்சுறாவும் மீன் தின்னும் மீன்தான், மத்தி அளவுக்கு இறங்காது. ஆனாலும் ஆள் உயரச் சுறாவோடு அதை ஒன்றாகச் சேர்க்க முடியாது.

ஆழத்தைப் பற்றியும் ஒரு விஷயம். ஹவாய்க்கு அருகே பிடித்த மீன்களை வைத்து 2009இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே கடல், ஏறக்குறைய ஒரே அளவு மீன்கள். மேற்பரப்பில் இரை தேடுபவற்றைவிட, ஆழத்துக்கு இறங்கி இரை தேடும் பெருங்கண் சூரையிலும் வாள்மீனிலும் பாதரசம் கூடுதல். மேலே வெயில் படும் நீரில் மெத்தில் பாதரசத்தைச் சூரிய ஒளியே கொஞ்சம் சிதைத்துவிடுகிறது. வெளிச்சம் போகாத, ஆக்சிஜன் குறைந்த நடுக்கடல் ஆழத்தில் அது உண்டாகிக்கொண்டே இருக்கிறது. 2020இல் மரியானா அகழியின் அடியில் வாழும் உயிர்களில்கூட மேலிருந்து இறங்கிய பாதரசத்தின் தடயத்தைக் கண்டார்கள். ஆழ்கடல் என்றால் சுத்தம் என்று விளம்பரத்தில் வரும்போது எனக்கு மனசு சங்கடப்படும்.

ஏடு_மதுரை · திங்கள், மதியம் 1:15

இதையெல்லாம் எண்ணாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். மினமாட்டாவைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது.

ஜப்பானின் கியூஷு தீவில் ஒரு மீனவர் ஊர். அங்கே சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை 1932 முதல் பாதரசத்தைப் பயன்படுத்தி அசிட்டால்டிஹைடு தயாரித்தது. கழிவு நேராக வளைகுடாவுக்கு. 1950களில் முதலில் பூனைகளுக்கு என்னவோ ஆயிற்று. வெறி பிடித்து ஆடின, கடலில் விழுந்து செத்தன. 1956 ஏப்ரலில் நடக்கவும் பேசவும் தடுமாறிய ஒரு சிறுமியை ஆலையின் மருத்துவமனைக்கே தூக்கி வந்தார்கள். மே 1 அன்று அந்த மருத்துவமனையின் தலைவர் ஹொசொகாவா, காரணம் தெரியாத நரம்பு நோய் என்று அரசு சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தார். 1959இல் அவரே ஆலைக் கழிவைப் பூனைக்கு உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். அந்தப் பூனைக்கும் அதே நோய் வந்தது. ஆலை அந்த முடிவை வெளியே விடவில்லை. கழிவு நின்றது 1968இல்தான்.

என்னை உலுக்கியது இதன் இன்னொரு பகுதி. அந்தக் காலத்தில் நஞ்சுக்கொடி குழந்தையைக் காக்கும், விஷம் அதைத் தாண்டாது என்றுதான் மருத்துவ உலகம் நம்பியது. மினமாட்டாவில் அம்மாவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லாமல், பிறந்த குழந்தை மட்டும் கழுத்து நிற்காமல், விழுங்க முடியாமல் கிடந்தது. ஒரு வீட்டில் இரண்டு வீட்டில் அல்ல, ஊரில் பல வீடுகளில். ஹராடா மசாசுமி என்ற இளம் மருத்துவர் வீடு வீடாகப் போனார். அங்கே குழந்தையின் தொப்புள் கொடியைக் காயவைத்துச் சிறு மரப்பெட்டியில் பத்திரப்படுத்தும் வழக்கம் உண்டு. பின்னாளில் அந்தக் கொடிகளைச் சோதித்தபோது அவற்றில் மெத்தில் பாதரசம் இருந்தது. தாயிடம் சேர்ந்த விஷத்தை வயிற்றிலிருந்த பிள்ளை வாங்கிக்கொண்டிருந்தது.

உலகப் பாதரச உடன்படிக்கைக்கு 2013இல் அந்த ஊரின் பெயரைத்தான் வைத்தார்கள். 2017இல் அது நடைமுறைக்கு வந்தது. 2018இல் இந்தியாவும் உறுதிப்படுத்தியது.

பழவேற்காடு_72 · திங்கள், மாலை 6:30

ஏடு சொன்னதைப் படித்து மனசு கனத்துவிட்டது. ஆனால் அது ஆலைக் கழிவைக் குடித்த மீன். அதையும் காசிமேட்டு மீனையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

உப்பளம் · திங்கள், இரவு 9:00

வைக்கக் கூடாது. அண்ணன் கேட்டது சரியான கேள்வி. மினமாட்டா வளைகுடாவில் இருந்த அளவு, இன்று திறந்த கடல் மீனில் இருப்பதோடு ஒப்பிடவே முடியாத அளவு. நம் ஊர்ச் சாப்பாட்டில் அந்த நோய் வரும் என்று நான் சொல்லமாட்டேன்.

குறைந்த அளவில் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு தீவுகளைச் சொல்கிறார்கள். வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவில் பைலட் திமிங்கில இறைச்சி சாப்பிடுவார்கள். 1986, 87இல் அங்கே பிறந்த ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். தாயிடம் பாதரசம் கூடக்கூடப் பிள்ளைகளின் மொழி, கவனம், நினைவாற்றல் சோதனைகளில் சிறு பின்னடைவு தெரிந்தது. பள்ளிக்கூடம் போகிறார்கள், விளையாடுகிறார்கள், பார்த்தால் எதுவும் தெரியாது. சோதனையில்தான் தெரியும். 2008இல் அந்தத் தீவின் மருத்துவர்களே திமிங்கிலத்தை விட்டுவிடுங்கள் என்று மக்களிடம் சொன்னார்கள். அங்கே அது பல நூற்றாண்டுப் பழக்கம். எத்தனை அம்மாக்கள் மனசு நொந்திருப்பார்கள்.

மற்றது நம் இந்தியப் பெருங்கடலிலேயே உள்ள சீஷெல்ஸ். அங்கே தாய்மார்கள் வாரம் பன்னிரண்டு வேளை போல மீன் சாப்பிடுகிறவர்கள். பலவகைக் கடல் மீன். அவர்கள் பிள்ளைகளில் அப்படித் தெளிவான பாதிப்பு காணப்படவில்லை. மீனில் உள்ள நல்ல கொழுப்பு குழந்தையின் மூளைக்கு உதவுகிறது என்பது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இதனால்தான் "மீனே வேண்டாம்" என்ற ஆலோசனையைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அமெரிக்காவில் சுறாவை விலக்கச் சொல்லும் அதே அட்டவணைதான், கர்ப்பிணிகள் பாதரசம் குறைந்த மீனை வாரம் இரண்டு மூன்று வேளை சாப்பிடுங்கள் என்றும் சொல்கிறது. நம் ஊரில் முதல் பாதி மட்டும் காதில் விழுகிறது.

கிராமச்_செவிலி · செவ்வாய், காலை 6:20

இருபத்து மூன்று வருஷமாகத் துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். நெய்தல் அம்மா, உங்கள் அம்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

அவர் உங்களுக்கு விஷம் கொடுக்கவில்லை. வயிற்றில் இருக்கும்போதுதான் மெத்தில் பாதரசம் பிள்ளைக்கு அதிகம் போகிறது. தொப்புள் கொடி ரத்தத்தில் தாயின் ரத்தத்தைவிட ஒன்றே முக்கால் மடங்கு இருக்கும். தாய்ப்பாலில் அந்த அளவுக்கு இறங்காது. உங்கள் அம்மா சுறா சாப்பிட்டது பிள்ளை பிறந்த பிறகு, அதுவும் கரையில் வந்த சின்னச் சுறா. அவருக்குத் தெரிந்த நல்லதைத்தான் செய்தார். இதை அவருக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள்.

உங்கள் தங்கைக்கு: இந்த இரண்டு மாதம் சுறா, வாள்மீன், பெரிய சூரை வேண்டாம். உடம்பில் ஏறிய மெத்தில் பாதரசம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐம்பது நாள் ஆகும். அடுத்த பிள்ளைக்கு யோசிப்பவர்கள் கர்ப்பம் தரிக்க மூன்று நான்கு மாதம் முன்பே விட்டுவிடுவது நல்லது. பிள்ளை பிறந்த பிறகும் வாரம் மூன்று தடவை என்பதைத் தவிருங்கள்.

ஆனால் மீனை நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. என் பகுதியில் நான் தினமும் பார்ப்பது பாதரச நோயை அல்ல, ரத்தசோகையை. எட்டு கிராம் ஹீமோகுளோபினோடு பிரசவத்துக்குப் போகும் பெண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாராவது ஒருவர் மீனையும் நிறுத்து, முட்டையையும் நிறுத்து என்று சொன்னால் அவள் தட்டில் என்னதான் மிஞ்சும்? மத்தி, நெத்திலி, காரப்பொடி (மாமி சொன்ன காரல் அதுதான்), சின்ன கானாங்கெளுத்தி, இறால் எல்லாம் சாப்பிடட்டும். நெத்திலியை முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

பால் ஊறுவது குழந்தை சப்பச் சப்ப. தாய் வயிறார ஏதாவது புரதம் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, தூங்கினால் போதும். அதைச் சுறாதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை.

அண்ணாநகர்_ரவி · செவ்வாய், காலை 9:45

வஞ்சிரம் எப்படி? எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் அதுதான். இணையத்தில் விற்பவர்கள் ஆங்கிலத்தில் போடும் "கிங் மேக்கரல்" என்ற பெயர் அமெரிக்காவின் "தவிர்க்க வேண்டிய" பட்டியலில் இருக்கிறது. டப்பாச் சூரையும் கேட்க வேண்டும், மகன் ஜிம்முக்குப் போய்விட்டு தினமும் ஒரு டப்பா காலி செய்கிறான்.

உப்பளம் · செவ்வாய், இரவு 8:40

அந்தப் பட்டியலில் இருப்பது அட்லாண்டிக் கடல் இனம். நம் வஞ்சிரம் அதே குடும்பம், வேறு இனம். ஆனாலும் அதுவும் வேட்டை மீன்தான், இரண்டு மீட்டர் வரை வளரும். கர்ப்பிணிக்கு வாங்கினால் சின்னதாகப் பார்த்து எப்போதாவது வாங்குங்கள். தட்டு அளவு வட்டத் துண்டு வரும் பெரிய வஞ்சிரம் வேண்டாம். மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரத்தால் ஒன்றும் ஆகாது.

டப்பாவில் பெரும்பாலும் வரிச்சூரை இருக்கும். அது சின்னச் சூரை. அந்த டப்பா மீனுக்கு அமெரிக்கச் சராசரி கிலோவுக்கு 0.126 மில்லிகிராம். இங்கிலாந்தில் கர்ப்பிணிக்கே வாரம் நாலு டப்பா வரை சரி என்கிறார்கள். தினமும் ஒன்று என்பது வளர்ந்த ஆணுக்கும் கொஞ்சம் அதிகம். பாதி நாளுக்கு மத்தி டப்பாவாக மாற்றச் சொல்லுங்கள். புரதம் குறையாது.

கடையில் விற்க அனுமதித்த அளவுக்குள் இருந்தால் போதாதா என்றும் பலர் கேட்கிறார்கள். பன்னாட்டு உணவுத் தர ஆணையம் 2018இல் வைத்த எல்லை சுறாவுக்குக் கிலோவுக்கு 1.6 மில்லிகிராம், சூரைக்கு 1.2. நான் முதலில் சொன்ன 96 மைக்ரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு உட்பட்ட சுறாவிலேயே அறுபது கிராமில் அது தீர்ந்துவிடலாம். அந்த எல்லை வணிகத்துக்காகப் போட்டது. எங்கள் ஆய்வகச் சீட்டில் "தேறியது" என்று கையெழுத்துப் போடும்போது அது ஏழு மாதக் கர்ப்பிணிக்கும் சேர்த்துப் போட்ட கையெழுத்தல்ல. அந்தச் செய்தி மீன் வெட்டும் மேசைக்கு வந்து சேரவேயில்லை. ஊரில் நாலு மீன் படம் போட்டு, இது வாரம் மூன்று நாள், இது வேண்டாம் என்று ஒரு பலகை ஒவ்வொரு பிரசவ வார்டிலும் தொங்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

வள்ளவிளை_கடலோடி · செவ்வாய், இரவு 9:30

தமிழில் போடுங்கள் அண்ணா, ஊர்ப் பேரோடு. உங்கள் மத்தி எங்களுக்குச் சாளை. கானாங்கெளுத்தி எங்களுக்கு அயிலை. வஞ்சிரம் நெய்மீன். மாமி ஊரில் அதே அறக்குளா. பேர் மாறினால் பலகை வீண்.

நெய்தல்_சென்னை · 5 வாரம் கழித்து, புதன், மாலை 4:10

எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன். போன செவ்வாய் தங்கைக்குப் பெண் குழந்தை, 2.9 கிலோ. இருவரும் நலம்.

செவிலி அம்மா எழுதியதை அன்றைக்கே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். மறுநாள் விடியற்காலை என்னையும் காசிமேட்டுக்கு அழைத்துப் போனார். மீன்கார அக்கா அன்றைக்கும் சுறா வைத்திருந்தார். அம்மா துண்டைத் திருப்பி நடு வட்டத்தைப் பார்த்தார். ரூபாய் நாணயத்தைவிடப் பெரிது. "இது எந்தக் கடல் மீன்?" என்று கேட்டார். கொச்சியிலிருந்து ஐஸில் வந்தது என்றார் அந்த அக்கா, மறைக்கவில்லை. காரணத்தைச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் மருமகளும் ஆறு மாதம் என்றார். பிறகு அந்தத் துண்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, காரப்பொடி ஒரு கூறு, நெத்திலி ஒரு கூறு போட்டுக் கொடுத்தார். வாரம் மூன்று நாள் அதுதான் இப்போது வீட்டுக்கு வருகிறது.

மாமி, ஒரு உதவி. அம்மா காரப்பொடியைக் குழம்பாகத்தான் வைத்துப் பழக்கம். பிள்ளை பெற்றவளுக்குக் காரம் வேண்டாம் என்று சொதி வைத்துப் பார்த்தார், தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது. எப்படி வைப்பது?

டொராண்டோ_மாமி · புதன், இரவு 11:50

வாழ்த்துகள் தங்கச்சி! பேத்தி வந்த வீட்டுக்கு என்ர அன்பு.

முதலே எலுமிச்சம்புளி விட்டிருப்பா, அதுதான் திரிந்தது. சின்ன வெங்காயம், நிறையப் பூடு, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், இரண்டாம் பாலில் போட்டு அவிய விடுங்கள். வெங்காயம் மெத்தென்று வந்த பிறகு காரலை முழுசாகப் போடுங்கள். கரண்டி போட்டுக் கிண்டக் கூடாது, சட்டியைப் பிடித்து ஆட்டினால் போதும். மீன் ஐந்து நிமிஷத்தில் அவிந்துவிடும். பிறகு முதற்பால், குத்திய மிளகு. ஒரு கொதி வர முன் இறக்கிப்போடுங்கள். புளி, சட்டி அடுப்பை விட்டு இறங்கிய பிறகுதான், அதுவும் அரை எலுமிச்சை. சோற்றைக் குழைய வைத்து, சூடாகவே கொடுங்கள். முள்ளைப் பார்த்து எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் எடுக்க மாட்டாள்.